புள்ளி விழுந்தால் நோய் ஜெயித்துவிட்டதா?

"சார், இலையில புள்ளி விழுந்திருக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?" தாவர நோயியல் வேலையில் நான் அதிகம் கேட்ட கேள்வி இது. பதிலுக்கு நான் கேட்பது: "புள்ளி பெருசாகுதா, அப்படியே நிக்குதா?"

நெல்லில் குலைநோய்ப் பூஞ்சை இறங்கினால், தாங்காத ரகத்தில் நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் வடிவப் புள்ளி விரியும். தாங்கும் ரகத்தில் குண்டூசித் தலையளவு பழுப்புப் பொட்டோடு நின்றுவிடும். அந்தப் பொட்டு, செடி தன் செல்கள் சிலவற்றைத் தானே சாகடித்துப் பூஞ்சையைப் பூட்டிவைத்த இடம்.

செடிக்கு ரத்தமில்லை, சுற்றிவந்து காவல்காக்க வெள்ளையணுவும் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். பூஞ்சைச் சுவரின் கைட்டின், பாக்டீரியா நீந்தும் இழையிலுள்ள ஃபிளாஜெலின் போன்றவற்றைச் செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் ஏற்பிகள் இனங்காணும். ஃபிளாஜெலினில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ஒன்றே போதும். சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியம் பாயும், ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்கும், செல்சுவர் தடிக்கும்.

தேறிய கிருமிகள் இதை முடக்கும் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தும். அவற்றைப் பிடிக்க உள்ளேயும் காவல் உண்டு. ஸார்1 என்ற காவல் புரதம் ஐந்தைந்தாகச் சேர்ந்து சக்கர வடிவம் எடுப்பது 2019இல் தெரியவந்தது. அது சவ்வில் செருகிக் கால்சியத்துக்கு வழி திறக்க, செல் செத்துப்போகிறது. கூடவே சாலிசிலிக் அமிலம் பெருகி, தொற்றாத இலைகளும் உஷாராகின்றன. ஆஸ்பிரினுக்கு இது நெருங்கிய உறவு. 1979இல் புகையிலைக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தபோது மொசைக் வைரஸின் தாக்கம் குறைந்தது.

செல்களின் இந்தத் தற்கொலை எல்லா நோய்க்கும் உதவாது. சாம்பல் பூசணம் (பாட்ரைடிஸ் பூஞ்சை; இலையில் மாவு பூசும் சாம்பல் நோய் அல்ல) போன்றவை செத்த திசுவைத் தின்பவை. அவற்றுக்கு இது விருந்து. அங்கே கைகொடுப்பது ஜாஸ்மோனிக் அமிலம் என்ற வேறொரு எச்சரிக்கைப் பொருள். பல நேரம் இந்த இரண்டு அமிலங்களில் ஒன்று ஏறினால் மற்றது அடங்கும். அதனால் ‘எல்லா நோய்க்கும் எதிர்ப்புச் சக்தி’ என்று எழுதிய பாட்டிலைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு காவல் ஜீன், கிருமியின் ஒரு குறிப்பிட்ட ஜீனோடு பொருந்த வேண்டும். 1940களில் ஆளிச்செடியின் துருநோயை ஆராய்ந்து இதைக் காட்டியவர் அமெரிக்கத் தாவர நோயியலாளர் ஃபிளோர். கிருமி அந்த ஒன்றை மாற்றிக்கொண்டால் காவல் குருடாகிவிடும். ஒரே ஜீனை நம்பிய ரகங்கள் சில பருவங்களிலேயே சரிவது இதனால்தான்.

எனவே புள்ளிகளைப் படமெடுத்து, மூன்று நான்கு நாள் கழித்து அதே இலையை மறுபடி பாருங்கள். தாங்கும் ரகமென்று விதைத்ததில் கண் வடிவப் புள்ளி விரிந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அந்த இலையை அன்றைக்கே கொண்டுவாருங்கள்.