பட்டை கட்டினாலும் லிப்பிட் தங்குமா?

"நானோடிஸ்க்குக்குள் புரதத்தோடு சேர்த்துப் பிடித்த லிப்பிட், கடைசிவரை அதே வட்டில்தான் இருக்குமா?" என்று கேட்டிருந்தார் வாசகர் ஒருவர். நானோடிஸ்க் என்பது விளிம்பில் பட்டை கட்டிய மிகச்சிறு சவ்வு வட்டு; லிப்பிட் என்பது அந்தச் சவ்வைக் கட்டும் கொழுப்பு மூலக்கூறு. அது அங்கேயே இருக்காது. எப்படி இடம் மாறுகிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

சவ்வு லிப்பிட்டுக்குத் தலை நீரை விரும்பும், வால் வெறுக்கும். இது பள்ளியில் படித்ததுதான். ஸ்டைரீன்-மலேயிக் அமில பாலிமரைச் சேர்த்தால், அது செல் சவ்வைச் சுமார் 10 நானோமீட்டர் வட்டுகளாகப் பிய்த்து, விளிம்பில் பட்டைபோலச் சுற்றிக்கொள்ளும்.

சரி, ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்கு லிப்பிட் போக இரண்டு வழி உண்டு. தனியாக நீரில் இறங்கி நீந்திப் போகலாம்; அல்லது இரண்டு வட்டுகள் மோதும் நொடியில் நேரே தாவலாம். இதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் சில வட்டுகளில் மட்டும் இரண்டு வகைச் சாய லிப்பிட்டுகளைச் சேர்த்து வைப்பார்கள். ஒன்று பச்சையாக ஒளிரும், மற்றது பக்கத்தில் இருந்தால் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும், இந்த ஆற்றல் கைமாறுவது தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறைவதால், தூரம் கொஞ்சம் கூடினாலே வாங்குவது நின்றுபோகும். சாயமில்லாத வட்டுகளை வேகமாகக் கலந்ததும் சாய லிப்பிட்டுகள் பரவிப் பிரிகின்றன, பச்சை ஒளி ஏறுகிறது. ஏறும் வேகமே இடமாற்றத்தின் வேகம்.

இப்போதுதான் அழகான இடம். சாயமில்லாத வட்டுகளை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று கூட்டிக்கொண்டே போய் மறுபடி அளக்கிறார்கள். நீந்திப் போவதாக இருந்தால் வட்டை விட்டு வெளியே வருவதுதான் கஷ்டமான கட்டம், அக்கம்பக்கத்தில் எத்தனை வட்டு இருந்தாலும் வேகம் அநேகமாக மாறாது. மோதித் தாவுவதாக இருந்தால், கூட்டம் கூடக்கூட வேகமும் கூடும். சாதாரணக் கலவைக் கணக்கு, ஆனால் யாரும் பார்க்க முடியாத ஒரு தாவலைப் பிடித்துக் கொடுக்கிறது!

ஜெர்மனியின் கைசர்ஸ்லவுட்டர்னில் சாண்ட்ரோ கெல்லர் குழு 2017இல் வெளியிட்ட முடிவில் மோதல்தான் முக்கிய வழி. வெசிக்கிள்கள் எனும் லிப்பிட் குமிழிகளைவிடவும், பாலிமருக்குப் பதிலாகப் புரதப் பட்டை கட்டிய வட்டுகளைவிடவும் பல மடங்கு வேகம். பாலிமர்ப் பட்டையில் எதிர்மின்சுமை உண்டு, அதனால் வட்டுகள் ஒன்றையொன்று தள்ளும். உப்பைச் சேர்த்தால் அந்தத் தள்ளல் மங்கி, தாவல் இன்னும் சுலபமாகிவிடும்.

"இதிலிருந்து என்ன மருந்து வரும்?" என்று கேட்டுத்தான் நிதி கொடுப்பது தப்பு என்பது என் கருத்து. புரதத்தின் பக்கத்தில் இருந்த லிப்பிட் இதுதான் என்று ஒருவர் பட்டியல் போட்டால், இறுகப் பிடித்திருக்கும் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை அதே குழாயில் இருந்த வேறு வட்டுகளிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். இது தெரியாமல் எந்த மருந்து ஆய்வை நம்புவது?