துடிப்பேற்றம்: ‘ஓவர்க்ளாக்கிங்’ என்னும் சொல்லும் பழைய ஆட்டங்களும்

பழைய வீடியோ கேம்களை, அவற்றின் மூலப்பொறியை மென்பொருளாக நடித்துக் காட்டும் எமுலேட்டர் வழியாகக் கணினியில் ஆடுவோர் அன்றாடம் புழங்கும் சொல் ‘ஓவர்க்ளாக்கிங்’. ஒரு மின்னணுச் சில்லை (சிப்), அதைச் செய்த நிறுவனம் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது என்பது அதன் பொருள்.

இடைக்கால லத்தீனில் மணியைக் குறித்த ‘க்ளொக்கா’ என்ற சொல்லே ஆங்கிலத்தில் ‘க்ளாக்’ ஆயிற்று. நாமும் ‘மணி என்ன?’ என்றுதானே கேட்கிறோம். ஆனால் மின்னணுவியலில் அச்சொல் நேரம் காட்டும் கருவியைக் குறிப்பதில்லை. ஒரு படிகம் சீராக அதிர்ந்து அனுப்பும் துடிப்பையே குறிக்கிறது, அத்துடிப்பின் தாளத்துக்கே செயலியின் (ப்ராசஸர்) ஒவ்வொரு வேலையும் நடக்கிறது. 1984இல் வெளிவந்த ஐபிஎம் ஏடி கணினியில் 12 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 1.2 கோடித் துடிப்பு) படிகத்தின் துடிப்பு பாதியாகக் குறைந்து செயலிக்கு 6 மெகாஹெர்ட்ஸாகக் கிடைத்தது. அந்தப் படிகத்தைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகியவர்களுக்கு அதே செயலி 8 மெகாஹெர்ட்ஸில் ஓடியது.

எனவே ‘மிகைக்கடிகாரம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பொருளைத் தவறவிடுகிறது. அதைப் படிப்பவர் மனத்தில் சுவர்க் கடிகாரம்தான் வந்து நிற்கும். ‘மிகைத்துடிப்பு’ அதைவிட நன்று; எல்லை கடப்பதை ‘மிகை’ சரியாகவே உணர்த்துகிறது. எனினும் அதை வினையாக்க முயன்றால் நாக்கு இடறுகிறது. மின்னேற்றம், விலையேற்றம் என்று நமக்குப் பழகிய வழியிலேயே ‘துடிப்பேற்றம்’ என்பதுதான் என் தேர்வு. துடிப்பேற்றினேன், துடிப்பேற்றிய செயலி என்று அது தடையின்றி வளைகிறது. எதிர்ச்சொல்லாகத் ‘துடிப்பிறக்கம்’ தானே கிடைத்துவிடுகிறது.

எமுலேட்டர் உலகில் இந்த ஒரே சொல் இரண்டு வேறு செயல்களைச் சுமப்பதால்தான் குழப்பம் மிகுகிறது. நம் மேசையில் உள்ள செயலியையோ திரைக்குப் படம் வரையும் வரைகலை அட்டையையோ விரைவுபடுத்துவது ஒன்று. இதை வன்பொருள் துடிப்பேற்றம் எனலாம். எமுலேட்டர் மென்பொருளாக நடித்துக் காட்டும் பழைய சில்லை விரைவுபடுத்துவது மற்றொன்று; இது பாவனைத் துடிப்பேற்றம். முன்னதில் வெப்பமும் மின்னழுத்தமும் ஏறும், அளவு மீறினால் கணினி நிலைகுலையும். பின்னதில் எந்தச் சில்லும் சுடுவதில்லை. நம் செயலிக்குக் கணக்குவேலை மட்டும் கூடுகிறது.

1993இல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் ஆட்டப் பொறிக்கு வந்த ‘ஸ்டார் ஃபாக்ஸ்’ ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முப்பரிமாண வடிவங்களை வரைவதற்கென்றே ஆட்டப் பேழைக்குள் ‘சூப்பர் எஃப்எக்ஸ்’ என்னும் தனிச் சில்லை வைத்திருந்தார்கள். அது சுமார் 10.7 மெகாஹெர்ட்ஸில் உழைத்தும் திரையில் எதிரிக் கலங்கள் பெருகும்போது காட்சி திக்கித் திணறும். அந்தத் திணறல் மூலப்பொறியிலேயே இருந்தது. எமுலேட்டர் அதை உண்மையாகக் காட்டுகிறது. இதைப் போக்கவென்று புதிய வரைகலை அட்டையைத் துடிப்பேற்றினால் ஒரு பயனும் இராது. எமுலேட்டரின் அமைப்பில் சூப்பர் எஃப்எக்ஸ் சில்லின் துடிப்பை உயர்த்தினால் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும். கூடவே ஆட்டமும் விரைந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வரைகலை அட்டைக்கு உண்மையான வேலை வருவது படத்தைப் பெரிதாக்கும்போதுதான். முதல் பிளேஸ்டேஷனின் 320×240 காட்சியை நீளத்திலும் உயரத்திலும் ஒன்பது மடங்காக்கி வரையச் சொன்னால், 76,800 படப்புள்ளிகள் இருந்த இடத்தில் 62,20,800 வந்து நிற்கின்றன. அதன்மேல் பழைய குழாய்த் தொலைக்காட்சியின் கோடுகளையும் ஒளிக்கசிவையும் வரையும் ஷேடர்கள் என்னும் சிறு நிரல்களைச் சேர்த்தால், எளிய அட்டை தடுமாறக்கூடும். வன்பொருள் துடிப்பேற்றம் அங்கே கைகொடுக்கும். மூல அளவிலேயே ஆடுவோரின் அட்டையோ பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. அவர்கள் அதைத் துடிப்பிறக்கியே வைத்துக்கொள்ளலாம், விசிறிச் சத்தமாவது குறையும்.