கினிக் குணகம்: சொல்லும் கணக்கும்

உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்கள் பரீட்சைக்காக மனனம் செய்த சொல் இது. வரவுசெலவுத் திட்டக் காலத்தில் கொழும்புப் பத்திரிகைகளிலும் தலைகாட்டும். ஒரு நாட்டின் வருமானம் மக்களிடையே எவ்வளவு ஏற்றத்தாழ்வாகப் பரம்பியிருக்கிறது என்பதை 0 க்கும் 1 க்கும் இடையில் ஒரே எண்ணாகச் சொல்வது கினிக் குணகம். எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் 0. முழு வருமானமும் ஒருவர் கையில் என்றால் 1 ஐ ஒட்டி நிற்கும்.

கினி என்பது ஆளின் பெயர். இத்தாலியப் புள்ளிவிபரவியலாளர் கொராடோ ஜீனி இந்த அளவை 1912 இல் முன்வைத்தார். இத்தாலிய உச்சரிப்பு ஜீனிதான். எழுத்தைப் பார்த்து வாசித்ததில் நம் பாடநூல்களில் கினி என்று நிலைத்துவிட்டது, இனி மாற்றவும் தேவையில்லை. 1905 இல் அமெரிக்கரான மக்ஸ் லோரன்ஸ், வருமானப் பங்குகளைக் கீழிருந்து மேலாகக் கூட்டி வரைந்து காட்டிய வளையியை வைத்துத்தான் இன்று இதை விளக்குகிறார்கள். குணகம் என்பது வடமொழி வழி வந்த சொல். குணித்தல் என்றால் பெருக்குதல். தமிழகப் பாடநூல்களில் இதற்குக் கெழு என்ற சொல் உண்டு. வளையியை அங்கே வளைகோடு என்பார்கள்.

பெயரை விட்டுத் தமிழில் சொல்வதானால் 'வருமானச் சமமின்மைக் குணகம்' என்பதே பொருந்தும். சமனிலி கணித வகுப்புக்கு உரிய சொல். சமத்துவமின்மை உரிமையையும் மதிப்பையும் சேர்த்துப் பேசுவது. இந்த எண் அவற்றை அளப்பதில்லை. பேச்சிலும் கட்டுரையிலும் ஏற்றத்தாழ்வு என்றால் யாருக்கும் விளங்கும்.

கணக்கைக் கையாலேயே செய்யலாம். கொட்டாஞ்சேனையில் ஒரு தெருவில் ஐந்து வீடுகள் என்று வையுங்கள். மாத வருமானம் 30,000, 60,000, 90,000, 120,000, 300,000 ரூபாய், கூட்டினால் 600,000. முதலில் குறைந்ததிலிருந்து கூடியதற்கு வரிசைப்படுத்த வேண்டும். வரிசை பிழைத்தால் விடையும் பிழைக்கும். ஒவ்வொரு வீட்டின் பங்கு 5, 10, 15, 20, 50 வீதம். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி வந்தால் 5, 15, 30, 50, 100. கடைசி 100 ஐ விட்டு மற்ற நான்கையும் கூட்டினால் 100 வீதம், அதாவது 1. அதை இரட்டித்து 1 ஐச் சேர்த்தால் 3. வீடுகளின் எண்ணிக்கையான 5 ஆல் வகுத்தால் 0.6. அதை 1 இலிருந்து கழித்தால் 0.40. இதுதான் அந்தத் தெருவின் கினிக் குணகம்.

இப்போது ஐந்தாவது வீட்டை எடுத்துவிடுங்கள். கணக்கெடுப்பாளரைக் காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். மிஞ்சிய நான்கு வீடுகளின் பங்கு 10, 20, 30, 40 வீதம். அதே வழியில் போட்டால் குணகம் 0.25 க்கு இறங்கிவிடும். தெருவில் யாருடைய நிலையும் மாறவில்லை. எந்த நாட்டிலும் வருமான அளவீடுகளின் பெரிய ஓட்டை இதுதான்: மேல்தட்டுக் குடும்பங்கள் பதில் தருவது குறைவு, தந்தாலும் வட்டி, வாடகை, பங்கிலாபம் எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஆகவே வெளியாகும் எண்ணை உண்மையின் கீழ்வரம்பாக எடுத்துக்கொள்வதே நியாயம். இலங்கையின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 அளவீட்டில் வீட்டு வருமானக் குணகம் 0.46. சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய், இடையம், அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம், 53,333 ரூபாய். அந்த இடைவெளியே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. நாட்டில் சரிபாதிக் குடும்பங்களுக்கு 53,333 கூடக் கிடைக்கவில்லை. சராசரியை மேலே இழுத்தவர்கள் உச்சியில் இருப்பவர்கள்.

இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணங்கள் பல. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மேல் மாகாணம் ஒன்றிலேயே நடக்கிறது. நாட்கூலிக்குப் போகிறவருக்கு, தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் போடும் சேமலாப நிதி பெரும்பாலும் எட்டாக்கனி. முதுமையில் அந்த வித்தியாசம் பெருத்து நிற்கும். ஆனால் அரசு நாளைக்கே கைவைக்கக்கூடிய காரணம் வரி. 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்ட பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 ஆனது. வற் எனப்படும் இந்த வரி கடைச் சிட்டையில் எல்லோருக்கும் ஒரே வீதம்தான். ஆனால் வருவதை அப்படியே செலவழிக்கும் வீட்டில் அது வருமானத்தின் பெரிய பங்கைத் தின்றுவிடும். நம் தெருவில், எளிமைக்காக, வீட்டுக்கு ஒரே அளவாக 3,000 ரூபாய் இப்படிப் போனதாக வைத்தால் குணகம் 0.40 இலிருந்து 0.41 ஆகும். எல்லோரிடமும் வருமானத்தின் 10 வீதத்தைப் பிடித்தால் குணகம் அசையாது. மேல் வீட்டிடம் மட்டும் 30,000 எடுத்து, கீழே உள்ள இரண்டு வீடுகளுக்கும் தலா 15,000 கொடுத்தால் 0.33. 2023 இல் அஸ்வெசும என்ற அரசின் நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியபோது மிக வறிய குடும்பத்துக்கு வகுத்த உச்சத் தொகையும் மாதம் 15,000 தான். அதனால் வருமான வரி போன்ற நேர்வரியை ஒழுங்காகத் திரட்டி, உரிய வீட்டைப் பிழையில்லாமல் தெரிந்து கொடுப்பது வெறும் தருமம் அல்ல, குணகத்தை இறக்கும் நேரடி வழி. உரிய வீடு பட்டியலில் விடுபட்டால் இந்தக் கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும்.

வாசிக்கும்போது வரும் தவறுகளில் மோசமானது, 0.46 என்றால் 46 வீதமானோர் ஏழைகள் என்று எடுத்துக்கொள்வது. குணகம் வறுமையை அளப்பதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அப்படியொரு காலத்தில் எல்லோருடைய உண்மை வருமானமும் ஒரே அளவாகத் தேய்ந்தால் குணகம் ஒரு புள்ளியும் நகராது; பசி மட்டும் கூடியிருக்கும். எனவே வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் வீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கட்டுரையில் இந்த எண்ணை எழுதுவோர் மூன்று விபரங்களை விடாமல் சேர்க்க வேண்டும்: அது வருமானத்துக்கா செலவினத்துக்கா, வீட்டுக்கா ஆளுக்கா, வரிக்கும் கொடுப்பனவுக்கும் முன்னா பின்னா. செலவினக் குணகம் பொதுவாக வருமானக் குணகத்தைவிடக் குறைவாகவே வரும். வசதியுள்ளவர்கள் வருமானத்தில் ஒரு பகுதியைச் சேமித்துவிடுவார்கள். ஒரு நாட்டின் செலவினக் குணகத்தை இன்னொரு நாட்டின் வருமானக் குணகத்தோடு ஒப்பிட்டுத் தலைப்புப் போடுவது பிழை.