மேஜர் தாள்களில் தேறினால் மட்டும் பட்டம் வந்துவிடாது

கடந்த ஜூன் மாதம் ஒரு மாணவர் தம் தந்தையுடன் எங்கள் துறைக்கு வந்திருந்தார். இளநிலைக் கணிதத்தில் மூன்றாண்டும் முன் வரிசையில் அமர்ந்து படித்தவர். மெய்ப் பகுப்பாய்வில் 91, சிக்கலெண் பகுப்பாய்வில் 88 மதிப்பெண் எடுத்தவர். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைப் புள்ளியியலுக்கு இடமும் கிடைத்து, முதல் தவணைக் கட்டணமும் செலுத்தியாகிவிட்டது. தற்காலிகப் பட்டச் சான்றிதழ் மட்டும் வரவில்லை. மதிப்பெண் பட்டியல்களை மேசையில் பரப்பிப் பார்த்தபோது, இரண்டாம் ஆண்டில் காய்ச்சலால் எழுதாமல் விட்டு, அதன்பின் விண்ணப்பிக்கவே மறந்துபோன சுற்றுச்சூழல் கல்வித் தாள் ஒன்று நிலுவையில் இருந்தது. அதன் மதிப்பு 2 கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய அலகுகளில் இரண்டு. “மேஜர்ல எல்லாம் பாஸ் பண்ணிட்டான் சார், அப்புறம் என்ன?” என்று தந்தை கேட்டார். நவம்பரில் தேர்வு எழுதி முடிவு வருவதற்குள் அந்த முதுநிலை இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்பதை அவரிடம் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. இந்த ஆண்டில் மட்டும் இப்படி என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாமவர், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த மூவரும் ஒரே தவறான நம்பிக்கையைக் கொண்டிருந்தார்கள். பகுதி 1 (மொழிப்பாடம்), பகுதி 2 (ஆங்கிலம்), பகுதி 3 (மேஜர் எனப்படும் முதன்மைப் பாடமும் அதைச் சார்ந்தவையும்) என்று ஒவ்வொன்றுக்கும் நம் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என வகுப்பு வழங்குவதும், வேலைக்கான நேர்காணலிலும் மேற்படிப்புச் சேர்க்கையிலும் பெரும்பாலும் பகுதி 3-இன் விழுக்காட்டையே கேட்பதும் உண்மைதான். இதிலிருந்து, பகுதி 3 மட்டுமே பட்டம் என்ற முடிவுக்கு மாணவர்கள் எப்படியோ வந்துவிடுகிறார்கள். வகுப்பு என்பது பட்டம் பெற்றவர் எந்தத் தரத்தில் பெற்றார் என்பதைச் சொல்வது. பட்டத் தகுதி என்பது அவர் பட்டம் பெற்றாரா என்பதையே தீர்மானிப்பது. முதலாவது கேள்வி எழுவதற்கு முன்பே இரண்டாவதற்கு விடை கிடைத்திருக்க வேண்டும். மேஜர் தாள்களில் தேர்ச்சி என்பது பட்டத்துக்குத் தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை அன்று. தேவைக்கும் போதுமைக்கும் உள்ள வேறுபாட்டைத் தேற்றந்தோறும் எழுதிக்காட்டி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பதில் சற்று வருத்தம் உண்டு.

கணக்காகவே பார்த்துவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் நெடுநாள் வழங்கிய இளநிலை அறிவியல் அமைப்பில் ஆறு பருவங்களுக்குமாகச் சேர்த்து 140 கிரெடிட். பகுதி 1 மொழிப்பாடத்துக்கு 12, பகுதி 2 ஆங்கிலத்துக்கு 12. பகுதி 3-இல் மேஜர் தாள்களுக்கு 60, துணைப்பாடத்துக்கு 20, விருப்பப் பாடத்துக்கு 15. பகுதி 4-இல் துறைசாரா விருப்பப் பாடத்துக்கு 4, மென்திறன் தாள்களுக்கு 12, சுற்றுச்சூழல் கல்விக்கு 2, விழுமியக் கல்விக்கு 2. பகுதி 5-இல் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி ஒன்றுக்கு 1. பகுதி 3 முழுவதையும் முடித்தவரின் கையில் 95 இருக்கும். மீதம் 45 வெளியே கிடக்கும். ஒரு மேஜர் தாளை மிகச் சிறப்பாக எழுதியதற்காக அதன் 4 கிரெடிட் 6 ஆகிவிடாது. எனவே மெய்ப் பகுப்பாய்வில் எடுத்த 91 சுற்றுச்சூழல் தாளின் 2 கிரெடிட்டை ஈடுசெய்யாது. உங்கள் பல்கலைக்கழகத்தில் இந்தப் பகிர்வு மாறியிருக்கலாம், தன்னாட்சிக் கல்லூரியில் நிச்சயம் மாறியிருக்கும்; ஆனால் மொத்தம் நிறைந்தால்தான் பட்டம் என்பது எங்கும் மாறவில்லை.

அந்தச் சுற்றுச்சூழல் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரி தானாக விரும்பிச் சேர்த்த பாடம் அன்று அது. 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில் தொடங்கி, பல்கலைக்கழக மானியக் குழு பாடத்திட்டம் வகுத்து, எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் கட்டாயமாக்கிய தாள். துறைத்தலைவரிடம் கெஞ்சினால் விலக்கு கிடைக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது.

பகுதி 4-இல் இன்னொரு பொறி உண்டு, அது பகுதி 1-இலேயே வைக்கப்படுகிறது. மதிப்பெண் எளிதாக வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்த மாணவர்கள் கல்லூரியில் பிரெஞ்சையோ இந்தியையோ மொழிப்பாடமாக எடுக்கிறார்கள். அப்படி எடுத்தவர்கள் துறைசாரா விருப்பப் பாடத்துக்கு மாற்றாகச் சிறப்புத் தமிழும், பள்ளியில் தமிழே படிக்காதவர்கள் அடிப்படைத் தமிழும் முடிக்க வேண்டும் என்பது பல பல்கலைக்கழகங்களின் விதி. இதைத் தெரிந்துகொள்ளாமல் நண்பர்களோடு சேர்ந்து வேறு தாளை எழுதித் தேர்ச்சியும் பெற்றுவிட்டு, கடைசிப் பருவத்தில் அது கணக்கில் சேராது என்று அறிந்தவர் அந்த மூவரில் ஒருவர்.

தேர்ச்சி விதியையும் பலர் பாதிதான் படிக்கிறார்கள். அகமதிப்பீடு 25, எழுத்துத்தேர்வு 75 என்றுள்ள இடங்களில், மொத்தத்தில் 40 எடுத்தால் போதாது. எழுத்துத்தேர்வில் தனியே 40 விழுக்காடு, அதாவது 30 மதிப்பெண், எடுத்திருக்க வேண்டும். அகமதிப்பீட்டில் 25-ஐயும் வாங்கி எழுத்துத்தேர்வில் 29 எடுத்தவர் மொத்தம் 54 பெற்றும் தோற்கிறார். அகமதிப்பீட்டில் 10-உம் எழுத்துத்தேர்வில் 30-உம் எடுத்தவர் 40-இல் தேறிவிடுகிறார். நியாயமா என்று என்னிடம் கேட்காதீர்கள், விதியை நான் எழுதவில்லை. ஆனால் “இன்டர்னல் முழுசா இருக்கு சார்” என்ற தெம்பில் இயக்கவியல் தாளைக் கோட்டைவிட்டவர்களின் விடைத்தாள்களை ஆண்டுதோறும் திருத்துகிறேன்.

வருகைப்பதிவு பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. 75 விழுக்காடு வேண்டும், குறைந்தால் அபராதம், மேலும் குறைந்தால் தேர்வெழுத முடியாது. பகுதிநேர வேலைக்குப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே வந்து சொல்லுங்கள், ஏதாவது வழி பார்க்கலாம். பருவத்தின் கடைசி வாரத்தில் மருத்துவச் சான்றிதழோடு வராதீர்கள்.

துணைப்பாடத்தை அலட்சியம் செய்வதுதான் கணித மாணவர்களின் தனிச்சிறப்பு. முதலாண்டில் வரும் இயற்பியலையோ புள்ளியியலையோ “அலைடுதானே” என்று தள்ளிவிடுகிறார்கள். செய்முறைத் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடக்கும் கல்லூரிகளில், கையொப்பம் வாங்கிய ரெக்கார்டு நோட்டு இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். இதைவிடப் பெரிய இழப்பு பின்னால் தெரியும். கணிதம் படித்தவர் முதுநிலைப் புள்ளியியலுக்கு விண்ணப்பிக்கும்போது, இளநிலையில் புள்ளியியலைத் துணைப்பாடமாகப் படித்திருக்கிறாரா என்று பல பல்கலைக்கழகங்கள் பார்க்கின்றன. இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கும் இளநிலையில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், அல்லது அத்துறையில் முதுநிலைப் பட்டம் வேண்டும். பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவிக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 60 விழுக்காடு எடுத்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே தேர்வின் இரண்டாம் நிலைப் புள்ளியியல் ஆய்வாளர் பதவிக்கு, மூன்று ஆண்டுகளிலும், அதாவது ஆறு பருவங்களிலும், புள்ளியியல் படித்திருக்க வேண்டும் என்று அண்மை ஆண்டுகளின் அறிவிக்கைகள் கேட்டிருக்கின்றன. இரண்டு பருவத் துணைப்பாடத்தை வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடியாது. அந்தப் பக்கம் போக எண்ணம் இருப்பவர், சேரும்போதே கணிதமா புள்ளியியலா என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று சேர்க்கை மேசையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சேர்க்கை என்றதும் நினைவுக்கு வருகிறது. மேல்நிலையில் படித்த ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’ பாடத்தை வைத்து இளநிலைக் கணிதத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் ஏமாந்து திரும்புகிறார்கள். இளநிலைக் கணிதத்துக்குப் பொதுவாகக் கணிதப் பாடமே வேண்டும். இளநிலைப் புள்ளியியலுக்குச் சில பல்கலைக்கழகங்கள் வணிகக் கணிதத்தை ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தகுதி விதியைப் படியுங்கள். வணிகக் கணிதம் படித்துவிட்டுப் புள்ளியியலில் சேர்ந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: துணைப்பாடமாக வரும் கணிதத்தில் முதல் மாதத்திலேயே திணறுவீர்கள், வெட்கப்படாமல் மேல்நிலைக் கணித நூலின் நுண்கணிதப் பகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். நிகழ்தகவுப் பரவல்களுக்குள் நுழைந்தபின் தொகையீடு தெரியாமல் ஒரு வரிகூட நகராது.

பெற்றோர்களே, பருவ முடிவு வந்ததும் “எத்தனை பர்சன்டேஜ்?” என்று கேட்பதோடு நிறுத்தாமல் மதிப்பெண் பட்டியலை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பாருங்கள், தேர்ச்சி இல்லை, வருகை இல்லை என்ற குறி எந்தத் தாளின் எதிரில் இருந்தாலும், அந்தத் தாளின் பெயர் உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றினாலும், கேள்வி கேளுங்கள். மாணவர்களே, சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டத்திலுள்ள கிரெடிட் அட்டவணையை ஒரு படி எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி, முடித்த தாள்களை அடித்துக்கொண்டே வாருங்கள். பாடத்திட்டம் மாறினால் பழைய தாளை எழுத வாய்ப்புகள் எண்ணிக் கொடுக்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். அரியர் தாள் தானாகத் தேர்வு விண்ணப்பத்தில் ஏறாது. பழைய பருவத்தின் தாள் குறியீட்டைச் சரிபார்த்து நீங்கள்தான் சேர்த்துக் கட்டணம் செலுத்த வேண்டும். ஐந்தாம் பருவ முடிவு வந்த வாரத்தில், ஐந்து மதிப்பெண் பட்டியல்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் போய், மொத்தம் எத்தனை கிரெடிட் ஆகியிருக்கிறது என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ஆறாம் பருவத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அப்போதுதான் இன்னும் நாள் இருக்கும்.