கணவாய்க்கு அப்பால் வரும் தலைவலி

மலையேற்றத்துக்கு முன் என்னிடம் மருத்துவ ஆலோசனைக்கு வருபவர்களில் பலர், உடல் வலுவாக இருப்பதால் உயரம் தங்களை ஒன்றும் செய்யாது என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் முதலில் கலைக்க விரும்புகிறேன். உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் வரும் மலைநோயை உடல் வலு தடுப்பதில்லை. வேகமாக ஏறக்கூடியவர்கள், உடல் பழகுவதற்குள் அதிக உயரத்தை எட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த மலையிலும் ஏறத்தாழ 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடுகிறது; அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. 2,500 மீட்டரைத் தாண்டியபின் தலைவலியோடு குமட்டலோ சோர்வோ தலைசுற்றலோ சேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை மலைநோய் என்றே கொள்ள வேண்டும். அறிகுறிகள் தணியும் வரை மேலே ஏறக் கூடாது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே முகாமில் ஓய்வெடுப்பதும் அவசியம். பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட, எங்கே உறங்குகிறோம் என்பதே முக்கியம்.

தொலைதூரப் பள்ளத்தாக்குகளில் எனக்குக் கூடுதல் கவலை தருவது அவற்றின் அமைப்பு. உயர்ந்த கணவாயைக் கடந்துதான் நுழைய முடியும் என்றால், நோயாளியைக் கீழே கொண்டுவருவதற்கே முதலில் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். ஆகவே வரைபடத்தில் ஒவ்வொரு முகாமிலிருந்தும் தாழ்வான இடத்துக்குப் போகும் வழியைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அப்படி வழி இல்லாத பள்ளத்தாக்கானால், கணவாய்க்கு இப்புறமே உடலைப் போதுமான நாள்கள் பழக்கிவிட்டு நுழையுங்கள். மேகம் சூழ்ந்தால் ஹெலிகாப்டர் வராது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஓய்விலும் மூச்சிரைத்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நேர்கோட்டில் குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டிவைத்து நடக்கச் சொல்லும்போது தடுமாறினாலோ பேச்சு குழம்பினாலோ, அது மூளை வீக்கமாக இருக்கலாம். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. இரண்டுக்கும் முதன்மையான சிகிச்சை உடனே கீழிறங்குவதுதான். ஆக்சிஜனும் டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் போன்ற மருந்துகளும் அதற்குத் துணையே தவிர மாற்றல்ல. மூளை வீங்கியவருக்குத் தன் நிலையை எடைபோடும் திறனே குறைந்துவிடுவதால், "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொல்வதை ஏற்கக் கூடாது. யார் சொன்னால் இறங்க வேண்டும் என்பதைக் குழுவினர் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். இறங்குபவரோடு நலமாக உள்ள ஒருவராவது கட்டாயம் உடன் செல்ல வேண்டும்.