குறட்டையின் நடுவே ஒரு நிசப்தம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் சாட்ஸ்வர்த் வீடுகளில் ஞாயிறு மதியம் பிரியாணிக்குப் பிறகு தாத்தா சோபாவில் குறட்டை விட்டால், "அசந்து தூங்குகிறார், எழுப்பாதே" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். ஏறிக்கொண்டே போன குறட்டை சட்டென்று நிற்கும். வயிறு மட்டும் ஏறி இறங்கும். மூக்கில் காற்று வராது. பத்து, இருபது விநாடி கழித்து ஒரு திணறல், மறுபடி குறட்டை. அந்த இடைவெளியைத்தான் எண்ண வேண்டும்.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழி அடைபடுகிறது. இதைத்தான் ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சுத் தடை, என்கிறார்கள். 10 விநாடியாவது மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 5 தடவைக்குள் இருந்தால் பயமில்லை. 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறி உடம்பை உலுக்குகிறது; அட்ரினலின் பாய்ந்து பிரஷர் எகிறுகிறது. தூங்குபவருக்கு எதுவும் நினைவிருக்காது. இரவில் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கி ஓய்வெடுக்க வேண்டிய பிரஷர், இறங்காமலே விடிகிறது. மூளைக்குள் நூல் போல ஓடும் தமனிகள் வருடக்கணக்கில் இந்த அடியை வாங்கித் தடித்துப்போகின்றன. அடைத்த தொண்டைக்கு எதிராக மார்பு இழுக்கும்போது இதயத்தின் மேலறையும் இழுபடுகிறது. அதன் துடிப்பு தாறுமாறானால் அங்கே இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

தூங்கும் நேரமும் முக்கியம். 2023இல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு சுமார் 4,500 பேரைப் பார்த்தது. 7 மணி நேரம் தூங்குபவர்களோடு ஒப்பிட்டால், பக்கவாத வாய்ப்பு 5 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குபவர்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்காகவும் 9 மணி நேரத்துக்கு மேல் தூங்குபவர்களிடம் இரு மடங்குக்கு மேலாகவும் தெரிந்தது. நீண்ட தூக்கம் பெரும்பாலும் வேறொரு நோயின் அடையாளம்தான். அலாரம் வைத்துக் குறைத்துப் பயனில்லை. இரவு ஷிப்ட் முடிந்து பகலில் நாலு மணி நேரம் கண்ணயர்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

தாத்தாவின் குறட்டையைப் போனில் பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், மாத்திரைக்கு அடங்காத பிரஷர், பகல் தூக்கம் எல்லாம் சேர்ந்திருந்தால் தூக்கப் பரிசோதனை அவசியம். மல்லாந்து படுப்பதும் ராத்திரி பிராந்தியும் அடைப்பைக் கூட்டும்.

இந்த அடைப்புக்குத் தரும் சிபேப் மெஷின், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. ஆனால் இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்த 2,700 பேரிடம் நடந்து 2016இல் வெளியான சேவ் ஆய்வில் அது மறு தாக்குதலைக் குறைக்கவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் மாட்டினார்கள். முழு இரவும் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தனிக் கேள்வி. பகல் தூக்கமும் சோர்வும் குறைவது மட்டும் நிச்சயம். லோட் ஷெட்டிங்கில் கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். கரண்டை அதிகம் தின்பது ஈரப்பதம் தரும் ஹீட்டர். அதை அணைத்தால் பல மெஷின்களுக்குச் சுமார் 30 வாட் போதும். 12 வோல்ட், 30 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி எட்டு மணி நேரம் தாங்கும்.

காலையில் எழும்போதே வாய் கோணி, ஒரு கை தூக்க முடியாமல் இருந்தால் உடனே 10177, செல்போனிலிருந்து 112. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரம், அவர் கடைசியாக நன்றாக இருந்த நிமிஷத்திலிருந்தே ஓடுகிறது. பத்து மணிக்குப் படுத்தவர் மூன்று மணிக்குப் பாத்ரூம் போய்வந்து தண்ணீர் கேட்டார் என்றால், ஆம்புலன்ஸ்காரரிடம் மூன்று என்று சொல்லுங்கள்.