வெறும் கேம் கணக்குதானே என்று இருந்துவிடாதீர்கள்

களவுபோன இணையக் கணக்குகளை மீட்டுத் தருவதும், களவு எந்த வழியாக நடந்தது என்று கண்டுபிடிப்பதும் என் தொழில். இந்தத் தொழிலில் கேட்டுக் கேட்டு நான் சலித்துப்போன வாக்கியம், "வெறும் கேம் கணக்குதானே, அதில் என்ன இருக்கிறது?" என்பதுதான். அண்மையில் அதே வாக்கியத்தோடு இன்னொரு குடும்பம் வந்தது. மகன் கல்லூரி மாணவர். துப்பாக்கிச் சுடும் விளையாட்டொன்றில் சுவருக்கு அப்பால் நிற்கும் எதிராளியையும் காட்டித் தருவதாகச் சொன்ன ஒரு 'சீட்' மென்பொருளை, அதாவது விளையாட்டில் ஏமாற்ற உதவும் மென்பொருளை, யாரோ ஒரு காணொளியின் கீழே கொடுத்திருந்த இணைப்பிலிருந்து இறக்கியிருக்கிறார். "ஆன்டிவைரஸ் இதைத் தவறாக வைரஸ் என்று காட்டும், அதை அணைத்துவிட்டு நிறுவுங்கள்" என்று அங்கே எழுதியிருந்ததை அப்படியே செய்திருக்கிறார். கேம் கணக்கு போனதை மறுநாள் கவனித்தும், திட்டு விழுமே என்று பயந்து வீட்டில் சொல்லவில்லை. அதற்குள் அதே கணினியில் திறந்தே கிடந்த தந்தையின் மின்னஞ்சலும் தாயின் சமூக ஊடகக் கணக்கும் கைமாறி, தாயின் பெயரில் உறவினர்களுக்கெல்லாம் பணம் கேட்டுச் செய்தி போகத் தொடங்கிவிட்டது. அப்போதும் அந்தத் தந்தை என்னிடம் கேட்டது, "ஒரு கேமுக்காகவா இவ்வளவும் செய்வார்கள்?" என்றுதான்.

கேமுக்காக யாரும் செய்யவில்லை. இப்படிப்பட்ட கோப்புகளுக்குள் இருப்பது பெரும்பாலும் தகவல் திருடும் நச்சு நிரல். எங்கள் தொழிலில் இதை 'ஸ்டீலர்' என்போம். கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரைப் போல இது திரையில் மிரட்டல் எழுதுவதில்லை, கணினியை மெதுவாக்குவதுமில்லை. சில நொடிகளில் வேண்டியதையெல்லாம் வாரிக் கட்டி அனுப்பிவிட்டு, பல வகைகள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டும் போய்விடும். அந்தக் கட்டுக்கு 'லாக்' என்று பெயர். திருட்டுச் சந்தைகளிலும் டெலிகிராம் குழுக்களிலும் இவை மொத்தமாக விலைபோகின்றன. இந்தக் குடும்பத்தின் லாக் பின்னர் எங்கள் கைக்குக் கிடைத்தது. ஒரே ஒரு கோப்புறை. அதற்குள் கடவுச்சொற்களுக்கென ஓர் உரைக்கோப்பு, அதில் வரிசையாகத் தள முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் என்று மும்மூன்று வரிகள். தளங்கள் உலாவியில் எழுதி வைக்கும் சிறு குறிப்புகளான குக்கீகளுக்குத் தனிக் கோப்புறை. உலாவி தானாக நிரப்புவதற்காக நினைவில் வைத்திருந்த பெயர், முகவரி, தொலைபேசி எண்கள். கணினியில் நிறுவியிருந்த மென்பொருள்களின் பட்டியல். கடைசியாக, நிரல் ஓடிய அந்த நொடியில் திரை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு படம். அந்தப் படத்தில் ஒரு பக்கம் கேமின் தொடக்கத் திரையும், மறு பக்கம் அந்தப் பதிவிறக்கப் பக்கமும், அதன் கீழே "நன்றாக வேலை செய்கிறது, நன்றி" என்று யாரோ இட்டிருந்த கருத்தும் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் கருத்துகளை இடுபவர்களும் பெரும்பாலும் திருடர்களின் ஆட்களே.

இது அரிதாக நடப்பது என்று எண்ண வேண்டாம். 2024 அக்டோபரில் நெதர்லாந்து காவல்துறையும் பிற நாட்டு அமைப்புகளும் சேர்ந்து ரெட்லைன், மெட்டா (ஃபேஸ்புக் நிறுவனம் அல்ல) என்ற இரண்டு ஸ்டீலர்களின் கட்டமைப்பை முடக்கின. 2025 மே மாதத்தில் லும்மா என்ற இன்னொன்றின் மீது நடவடிக்கை எடுத்தபோது, அதற்கு முந்தைய இரண்டே மாதங்களில் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. ஒன்றை முடக்கினால் வாடிக்கையாளர்கள் இன்னொன்றுக்குப் போய்விடுகிறார்கள். மாத வாடகைக்குக் கிடைக்கும் தொழில் இது.

இனி, என்னிடம் வருபவர்களில் கணினி தெரிந்தவர்கள் சொல்லும் பதிலுக்கு வருகிறேன். "நான் இருபடிச் சரிபார்ப்பு போட்டிருக்கிறேன், ஓடிபி இல்லாமல் யாராலும் நுழைய முடியாது." எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறான நம்பிக்கை இதுதான், அரைகுறையாக உண்மையாக இருப்பதால்தான் இது இவ்வளவு கெடுதல் செய்கிறது. இருபடிச் சரிபார்ப்பு அவசியம். அதை யாரும் நீக்கிவிடக் கூடாது. ஆனால் அது காவல் காப்பது நுழையும் கணத்தை மட்டும். நீங்கள் கடவுச்சொல்லும் ஓடிபியும் கொடுத்து நுழைந்த பிறகு, ஒவ்வொரு பக்கத்துக்கும் மீண்டும் மீண்டும் கேட்காமல் இருப்பதற்காக, அந்தத் தளம் உங்கள் உலாவியில் குக்கீயாக ஓர் அடையாளத்தை எழுதி வைக்கிறது. விழா அரங்கின் வாசலில் சீட்டைக் காட்டி உள்ளே போனவருக்குக் கையில் குத்தும் முத்திரையைப் போன்றது அது. முத்திரை இருக்கும்வரை மறுபடி சீட்டு கேட்க மாட்டார்கள். ஸ்டீலர் எடுத்துப்போவது அந்த முத்திரையை. திருடன் அதைத் தன் உலாவியில் ஏற்றிக்கொண்டால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் நீங்களாகவே அவன் தளத்துக்குத் தெரிவான். கடவுச்சொல் கேட்கப்படாது, ஓடிபி வராது, உங்கள் கைபேசி சத்தமே போடாது. ஓடிபி வரவில்லை என்பதால் யாரும் நுழையவில்லை என்று நீங்கள் முடிவு செய்வதுதான் அவனுக்கு வேண்டிய அவகாசத்தைத் தருகிறது.

கணினியே தொழிலாக இருப்பவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனல் இந்த வழியில்தான் பறிபோனது. விளம்பர ஒப்பந்தம் என்று மின்னஞ்சலோடு வந்த கோப்பை ஊழியர் ஒருவர் திறக்க, முத்திரை களவுபோயிற்று. கூகுள் 2024இல் குரோம் உலாவியின் குக்கீகளுக்குக் கூடுதல் பூட்டு போட்டது. சில மாதங்களுக்குள் ஸ்டீலர் எழுதுபவர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே உலாவி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. இதைவிடக் கொடுமை, திருட்டு தெரிந்தவுடன் பலர் அதே கணினியில் உட்கார்ந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுவது. நிரல் இன்னும் உள்ளே இருந்தால், புதிய கடவுச்சொல்லையும் அதற்கே எழுதிக் கொடுக்கிறீர்கள். சில தளங்கள் கடவுச்சொல் மாறியவுடன் மற்ற இடங்களில் திறந்திருக்கும் கணக்கை மூடிவிடும், சில மூடுவதில்லை. அங்கெல்லாம் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்ற பொத்தானை நீங்களே அழுத்தினால்தான் பழைய முத்திரை செல்லாததாகும்.

"என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை" என்பவர்களிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். உங்கள் மின்னஞ்சலில் உங்களுக்குக் கடிதம் எழுதியவர்களுக்கும் இல்லையா? உங்கள் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்கள் தங்கள் எண்ணை உங்களை நம்பித்தானே தந்தார்கள்? அந்தத் தாயின் பெயரில் போன செய்தியை நம்பிப் பணம் அனுப்பிய உறவினர் அந்தக் கேமைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தனியுரிமை என்றதும் ஏதோ குற்றம் செய்பவர்களுக்கான சலுகை என்று பேசுவது எளிது. நான் அன்றாடம் பார்ப்பது, எந்தக் குற்றமும் செய்யாதவர்களின் சாதாரணத் தகவல்கள் அவர்களுக்கு எதிராகவே திரும்புவதைத்தான்.

அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கினால் பாதுகாப்பு என்பதும் முழு உண்மையல்ல. 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் விளையாட்டின் மோட்களுக்கு, அதாவது விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் எழுதும் கூடுதல் நிரல்களுக்கு, பேர்போன கர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில், மோட் எழுதுபவர்களின் கணக்குகளைக் கைப்பற்றி, 'ஃபிராக்சரைசர்' என்ற நச்சு நிரலை அவர்களுடைய மோட்களுக்குள்ளேயே நுழைத்தார்கள். 2025 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் நடத்தும் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையிலேயே 'பைரேட்ஃபை' என்ற இலவச விளையாட்டு நச்சு நிரலோடு இருந்தது. அதை நீக்கிய வால்வ் நிறுவனம், விளையாடியவர்களிடம் இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவுவதைப் பரிசீலிக்கச் சொன்னது. வெளிவந்து சில நாட்களே ஆன, யாரும் அறியாத பெயரில் வரும் இலவச விளையாட்டை முதல் ஆளாக இறக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

சீட் மென்பொருள்களைத் தடுக்க விளையாட்டு நிறுவனங்கள் கேமோடு சேர்த்து நிறுவும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்களைப் பற்றியும் கேட்கிறார்கள். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அளவில் இயங்கும் இவற்றை உளவு மென்பொருள் என்று ஒரேயடியாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. சீட் மென்பொருள்களே அந்த ஆழத்துக்குப் போய்விட்டபோது தடுப்பவர்களுக்கும் வேறு வழி குறைவு. ஆனால் அவ்வளவு அதிகாரம் உள்ள ஒரு நிரலில் ஓட்டை இருந்தால் அது எல்லோருக்கும் ஓட்டை. 2022இல் கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு டிரைவரை (கெர்னல் அளவில் இயங்கும் அதன் பகுதியை) மட்டும் தனியே எடுத்து, அந்த விளையாட்டே இல்லாத கணினிகளில் போட்டு, அதைக் கொண்டு ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ரான்சம்வேர் பரப்பினார்கள். விளையாடுவதை நிறுத்திய கேமின் தடுப்பு மென்பொருளையும் சேர்த்து நீக்குங்கள். பல சமயம் அது தனியாகத் தங்கிவிடுகிறது.

அரசுகளின் கொள்கைக்கு வந்தால், பேச்சு உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்று ஒரு தரப்பு, எல்லாம் கண்காணிப்பு என்று மறு தரப்பு. 2025 ஜூலை 25 முதல் பிரிட்டனில் வயதுவந்தோருக்கான உள்ளடக்கத்துக்கு வயதுச் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதற்குத் தடை நடைமுறைக்கு வந்தது. நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். விளையாட்டு நிறுவனங்கள் தாமாகப் பிள்ளைகளைக் காத்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. 2022இல் எபிக் கேம்ஸ் நிறுவனம் பிள்ளைகளின் தகவல்களைச் சேகரித்ததும், முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதியை இயல்பாகவே திறந்து வைத்திருந்ததுமான வழக்கில் அமெரிக்காவில் 27.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆனால் இரு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: வயதை நிரூபிக்க நான் தரும் அடையாள அட்டைப் படம் யார் கையில், எத்தனை நாள் இருக்கும்? 2025 அக்டோபரில், விளையாடுபவர்கள் அரட்டைக்குப் பயன்படுத்தும் டிஸ்கார்ட் செயலியின் நிறுவனம், தன் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனத்தில் நடந்த ஊடுருவலால் ஏறத்தாழ 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளிப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தது. வயது தொடர்பான முறையீடுகளுக்காக மக்கள் அனுப்பியவை அவை. கடவுச்சொல் போனால் மாற்றலாம். முகமும் பிறந்த தேதியும் போனால் எதை மாற்றுவது? சரிபார்த்த உடனே படத்தை அழிக்க வேண்டும் என்றும், அழிக்காவிட்டால் தண்டனை என்றும் சட்டத்திலேயே எழுதாத எந்த வயதுச் சரிபார்ப்பையும் என் தொழிலில் இருப்பவர்கள் எதிர்க்கத்தான் வேண்டும்.

பிரிட்டனில் அந்த விதி வந்தவுடன், இணையப் போக்குவரத்தை வேறொருவரின் கணினி வழியாகத் திருப்பி இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் செயலிகள் பதிவிறக்கப் பட்டியலில் முதலிடங்களுக்கு ஏறின. பெயர் தெரியாத இலவச விபிஎன்னை நிறுவுவது, அரசின் கண்ணில் படக் கூடாது என்று முகம் தெரியாத ஒருவரிடம் எல்லாவற்றையும் காட்டுவதாகும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோப்பு ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால் அந்தக் கோப்பு வேண்டாம். இதில் விவாதமே இல்லை. விளையாடும் கணினியில் வங்கி வேலை பார்க்காதீர்கள். ஒரே கணினிதான் என்றால், விளையாடுபவருக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கைத் திறந்து கொடுங்கள். அந்தக் கணக்கில் ஓடும் ஸ்டீலரின் கை, பக்கத்துக் கணக்கின் கடவுச்சொற்கள்வரை எளிதில் நீளாது. உலாவி "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்று கேட்கும்போதெல்லாம் ஆம் என்று அழுத்தும் பழக்கத்தை விடுங்கள், அதற்கென்று உள்ள தனி மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அடையாள அட்டையை அனுப்பியே தீர வேண்டுமென்றால், தேவையில்லாத எண்களை மறைத்து அனுப்ப அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

நடந்துவிட்டால், முதலில் அந்தக் கணினியின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து மின்னஞ்சலை முதலில் மீட்டு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, அதன் பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். மீட்பு எண் யாருடையதாக இருக்கிறது, கடிதங்களைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதேனும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது வங்கி. கேம் கணக்கு கடைசியில்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து "ஒரு கோப்பைத் திறந்துவிட்டேன்" என்று சொன்னால் அந்த நேரத்தில் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைத்த அந்த ஒரு நாளில்தான் இந்தக் குடும்பத்தின் மின்னஞ்சல் போனது. பதற்றத்தில் கணினியை உடனே அழித்து நிறுவிவிடவும் வேண்டாம். அழிக்கத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பெயரில் கோப்பு இறங்கியது என்பதை உலாவியின் பதிவிறக்க வரலாற்றிலிருந்து கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்றவர்களிடம் வந்தாலும், காவல்துறையிடம் புகார் கொடுக்கப் போனாலும், முதலில் கேட்கப்படுவது அதுதான்.